முதல் தாளின் கடைசி வரி

அத்தை,

உங்கள் தையல் மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னதால், போன வாரம் அதன் இழுப்பறைகளைக் காலி செய்ய உட்கார்ந்தேன். இடப்பக்க இழுப்பறையில் நூல் சுற்றிய பாபின்கள், நுனி கிழிந்த அளவு நாடா, மாதா படம் போட்ட பழைய காலண்டர் அட்டை. அட்டைக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். பிரித்ததும் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. நீங்கள் எனக்குப் பின்னால் நின்று, "என்னத்தைளா தேடுத?" என்று கேட்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நம் வீட்டில் எல்லோருக்கும் திரும்பிப் பார்த்தே பழக்கம்.

அது தாத்தா எழுதிவைத்த செட்டில்மென்ட் பத்திரத்தின் ஜெராக்ஸ். முதல் தாள் மட்டும். வீடு மகனுக்கு, அதாவது என் அப்பாவுக்கு. கல்யாணம் செய்துகொள்ளாத மூத்த மகளான உங்களுக்கு மேற்கு அறை. அதில் "ஆயுள் பரியந்தம் வசித்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது". அதற்குப் பிறகு இன்னொரு வாக்கியம் தொடங்குகிறது: "மேற்படியார் வேறிடம் சென்று வசிக்க நேரிட்டால்". அந்த இடத்தில் தாள் முடிந்துவிடுகிறது.

அந்தக் கடைசி வரிக்குக் கீழே நீங்கள் பென்சிலால் கோடு போட்டிருந்தீர்கள். ஒரே நாளில் போட்ட கோடு அல்ல. வருடக்கணக்கில், அவ்வப்போது எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அழுத்தி இழுத்த கோடு. அந்த இடத்தில் தாள் கிழியும் நிலையில் இருந்தது. மற்ற இழுப்பறைகளிலும் தேடினேன். இரண்டாவது தாள் எதிலும் இல்லை.

வங்கிகளுக்காகச் சொத்துப் பத்திரங்களைப் படித்துக் கருத்து எழுதிக் கொடுக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் இப்போது வேலை பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் யாருடைய வீட்டுப் பத்திரத்தையோ கடைசித் தாள் வரை படிக்கிறேன். உங்களைப் போல ஆயுள் உரிமையோடு ஒரு மூலையில் இருப்பவர்களை நாங்கள் 'வில்லங்கம்' என்ற தலைப்பின் கீழ்தான் எழுதுவோம். அந்தத் தலைப்பைத் தட்டச்சு செய்யும்போதெல்லாம் உங்கள் நினைவு வரும். வருத்தத்தோடு அல்ல, உண்மையைச் சொன்னால். பொருத்தமான சொல் என்றே நினைத்திருக்கிறேன்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள் சந்தேகப்படும் ஆளாகவே இருந்தீர்கள். அறைச் சாவியைச் செபமாலையோடு கோத்துக் கழுத்தில் போட்டிருப்பீர்கள். கோயிலில் செபம் சொல்லும்போது சாவியும் ஒரு மணியாக உங்கள் விரல்களுக்குள் புரண்டு போகும். குசினியில் உங்கள் எண்ணெய்ப் புட்டியில், எண்ணெய் நிற்கும் மட்டத்துக்கு நேராகப் பென்சில் கோடு இருக்கும். அம்மாவும் சளைத்தவர் அல்ல. அவர் தன் சர்க்கரை டப்பாவை உலுக்கிப் பார்த்து எடை சொல்லுவார்.

"உங்க அத்தை ரூமுக்குள்ள என்னதான் வச்சிருக்கான்னு ஒருநாள் பாத்துட்டு வாளா," என்று அம்மா என்னை அனுப்புவார்.

நீங்கள் கதவைப் பாதி திறந்து, "உங்கம்மா அனுப்புனாளா?" என்பீர்கள்.

இரண்டு பக்கமும் நான் பொய் சொன்னேன். வாயை மூடிக்கொண்டிருப்பது அந்த வீட்டில்தான் எனக்குப் பழகியது.

வருடத்தில் ஒரு நாள், திருவிழாவுக்கு, புன்னைக்காயலில் இருந்த உங்கள் பள்ளித்தோழி வீட்டுக்குப் போவீர்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது என்னையும் கூட்டிப்போனீர்கள். காலையில் பூசை, மதியம் அவர் வீட்டில் சீலா மீன் குழம்பு. மூன்று மணி ஆனதும் நீங்கள் எழுந்து சேலையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டீர்கள்.

"சப்பரம் பாக்காமப் போறவளுக்கு எதுக்குளா திருவிழா?" என்று தோழி உங்கள் பையைப் பிடித்து இழுத்தார். "ஒரு ராத்திரி தங்குனா உன் வீடு என்ன கடலுக்குள்ளயா போயிரும்?"

"பகல்ல மாதாவைப் பாத்தாச்சுல்லா. ராத்திரியும் அதே மாதாதான்."

"உன் தம்பி உன்னைக் கட்டிப்போட்டா வச்சிருக்கான்?"

நீங்கள் பையை விடுவித்துக்கொண்டீர்கள். என் கையைப் பிடித்து வேகமாக நடந்தீர்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தோம். நேராக உங்கள் அறைக்குப் போய்ப் பூட்டைத் தொட்டுப் பார்த்தீர்கள். அறைக்குள் ஏதோ விலை உயர்ந்த பொருள் இருக்கிறது, அதனால்தான் இந்த ஓட்டம் என்று அன்று நினைத்தேன். வளர்ந்த பிறகும் அதை மாற்றி நினைக்கவில்லை.

அதன்பின் சாத்தான்குளம் வேலை வந்தது. அங்கே ஒரு பெண்கள் விடுதியில் மேற்பார்வையாளராக உங்களைக் கூப்பிட்டார்கள். சாப்பாடு, தங்க அறை, மாலையில் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலையும் சேர்ந்தது. இரண்டு நாள் உங்கள் முகமே வேறாக இருந்தது. ரவிக்கைத் துணி வெட்டும்போது பாட்டு முணுமுணுத்தீர்கள். மூன்றாம் நாள் காலையில் அப்பாவிடம் வந்து சொன்னீர்கள். அவர் ஹார்பர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"போக்கா. தாராளமாப் போ. ரூமை நாங்க பாத்துக்கிடுதோம்," என்றார்.

உங்கள் முகம் சட்டென்று இறுகிவிட்டது. "அதான பாத்தேன்," என்றீர்கள்.

"என்னத்தைப் பாத்த?"

"நீ இவ்வளவு சீக்கிரம் சரின்னு சொல்லுத ஆளாலே?"

அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒருவர் தாராளமாகப் போ என்று சொல்வதில்கூட உங்களால் சூதைத்தான் பார்க்க முடிகிறது என்று எனக்குக் கோபம். விடுதிக்கு வேறு ஒருவர் போனார். நீங்கள் திரும்பவும் தெருப்பிள்ளைகளின் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் சட்டம் படித்த மூன்றாம் வருடம், விடுமுறையில் ஒரு சாயங்காலம், மொட்டைமாடியில் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் படியேறி வந்தீர்கள். கையில் இந்தத் தாள் இருந்தது. அதைப் பாதியாக மடித்து, உங்கள் பக்கம் திருப்பியே வைத்திருந்தீர்கள்.

"ஏளா, நீ சட்டம் படிக்கல்லா. ஆயுள் பரியந்தம்னா என்ன அர்த்தம்?"

"ஆயுசு இருக்கும் வரைக்கும் அத்தை."

"அப்போ சாகுத வரைக்கும். அதுக்கு இடையில யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாதுல்லா?"

"பத்திரத்துல வேற நிபந்தனை இல்லேன்னா முடியாது."

"நிபந்தனைன்னா?"

அந்த இடத்தில் எனக்குள் எச்சரிக்கை மணி அடித்தது. கீழே அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார்: "அவ உன் வாயைப் புடுங்குவா. ரூமை யாருக்கோ எழுதிக் குடுக்கலாமான்னு விசாரிக்கா போல. ஒண்ணும் சொல்லாத." வகுப்பில் அந்த மாதம்தான் ஆயுள் உரிமையைப் பற்றிப் படித்திருந்தேன். அது சொத்து அல்ல, சொத்தின் மேல் ஒரு காலம். வைத்திருப்பவர் தன் காலத்துக்கு மேல் எதையும் யாருக்கும் கொடுக்க முடியாது. எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது போலிருந்தது. எதிரில் நிற்கும் உங்களைத் தவிர.

"முழுசாப் படிக்காம ஒண்ணும் சொல்ல முடியாது அத்தை. தாங்க, பாக்கேன்," என்று கையை நீட்டினேன்.

தாள் சட்டென்று உங்கள் மார்போடு போய் ஒட்டிக்கொண்டது. "தாளைக் கையில வாங்கத்தான் பாக்க, என்னா?"

"படிச்சுட்டுத் தாரேன்னுதான..."

"உங்கம்மா மகதான நீ," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டீர்கள்.

இதில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீங்கள் தாளை இழுத்துக்கொள்வதற்கு முன்பு அதன் கடைசி வரியை நான் பார்த்துவிட்டேன். தலைகீழாகப் பார்த்தாலும் படித்துவிட்டேன். "வேறிடம் சென்று வசிக்க நேரிட்டால்" என்று வாக்கியம் பாதியில் நிற்கிறது, இன்னொரு தாள் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்தால் முழுப் பத்திரத்தின் நகல் கிடைக்கும் என்பதையும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எங்களுக்கு என்ன தொந்தரவு வருமோ என்று இருந்தது.

அப்பாவிடம் கேட்டிருக்கலாம். மூலப்பத்திரம் எப்போதும் அவருடைய இரும்பு அலமாரியில்தான் இருந்தது. ஆனால் நம் தெருவில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பத்திரத்தைக் காட்டு என்றால் பங்கைப் பிரி என்று அர்த்தம். அப்படிக் கேட்ட அண்ணன் தம்பிகள் அடுத்த திருவிழாவுக்குக் கோயிலில் தனித்தனி வரிசையில் உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் நீங்கள் கேட்கவில்லை. ஊரார் பத்திரங்களைப் படிக்கும் நானும் சொந்த வீட்டுப் பத்திரத்தைக் கேட்கவில்லை.

வெள்ளம் வந்த அந்த டிசம்பரில் இரண்டாம் நாள் காலையில் தண்ணீர் ஜன்னல் விளிம்பைத் தொட்டது. தெருவுக்குள் வள்ளம் வந்தது. அம்மாவும் நானும் ஏறிவிட்டோம். அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று உங்களைக் கூப்பிட்டார். நீங்கள் மாடிப்படியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"நீங்க போங்க. நான் மாடியில இருந்துக்கிடுதேன்."

"யக்கா, உன் ரூமை எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான். வா."

"எவன் தூக்குவான்னு எனக்குத் தெரியும்லே."

வள்ளக்காரர் துடுப்பைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, "அண்ணாச்சி, பஞ்சாயத்தை வள்ளத்துல ஏறி வச்சுக்கிடுங்க. தண்ணி கேட்டுக்கிட்டு நிக்காது," என்றார்.

நீங்கள் ஏறவில்லை. வள்ளம் நகரும்போது அம்மா என் காதருகே, "நாம இல்லாதப்போ அலமாரியைத் திறக்கப் போறா, பாரு," என்றார். நான் தலையாட்டினேன். அப்போது அதை நம்பினேன் அத்தை.

தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பியபோது அலமாரி பூட்டியபடியே இருந்தது. நீங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். கால் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. தையல் மெஷினின் தலைப்பகுதியையும் இழுப்பறைகளையும் கழற்றி மாடிக்குக் கொண்டுபோயிருந்தீர்கள். அவலைத் தின்று மூன்று நாள் ஓட்டியிருக்கிறீர்கள். அப்பாவைப் பார்த்து நீங்கள் சொன்ன முதல் வார்த்தை: "ஒரு ராத்திரிகூட நான் வெளிய தங்கலை. பாத்துக்கோ."

வீம்பு என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு இருமல் விடவில்லை. போன மழைக்காலத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் நான்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"பகல்ல வந்து இருந்துட்டுப் போறேன். ராத்திரி வீட்டுக்குப் போயிருவேன்," என்றீர்கள்.

"இது என்ன டைப்பிங் கிளாஸா அம்மா?" என்றார் நர்ஸ்.

சிரிக்கவில்லை நீங்கள். அவர்கள் நீட்டிய படிவத்தில், என் சொந்த விருப்பத்தின் பேரில் வெளியேறுகிறேன் என்ற வரியை இரண்டு முறை படித்தீர்கள். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தீர்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டீர்கள். மறுபடி ஒரு முறை கூட்டிப்போனேன். மறுபடியும் கையெழுத்து. அதிலிருந்து நான்காம் நாள் காலையில், மேற்கு அறையில், கழுத்தில் சாவியோடு, ஆயுள் முடிந்தது.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் இழுப்பறைத் தாள் மட்டும் அல்ல. அப்பாவுக்கு வயதாகிறது. வீட்டை என் பேருக்கு எழுதிவைக்க வேண்டும் என்கிறார்; அம்மாவுக்கு ஆயுள் வரை வசிக்கும் உரிமை. புதுப் பத்திரத்தை என்னையே எழுதச் சொன்னார். அதற்கு மூலப்பத்திரம் வேண்டும். இழுப்பறையைக் காலி செய்த மறுநாள் அலமாரியைத் திறந்து கொடுத்தார். மூன்று தாள்கள். இரண்டாம் தாளின் தொடக்கத்தை உங்களுக்குப் படித்துக் காட்டுகிறேன்:

"மேற்படி அறையை வாடகைக்கு விட்டு அதன் வருமானத்தைத் தன் ஆயுள் பரியந்தம் தானே பெற்று அனுபவித்துக்கொள்ள வேண்டியது. விரும்பும்போது திரும்பி வந்து வசித்துக்கொள்ளலாம். அவர் வேறிடத்தில் வசிப்பதைக் காரணமாகக் காட்டி மேற்படி உரிமையை மறுக்க என் மகனுக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் கிடையாது."

நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். சாத்தான்குளத்தில் வருடக்கணக்கில் தங்கியிருக்கலாம். சப்பரம் பார்த்திருக்கலாம். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இரண்டு நாள் படுத்திருக்கலாம்.

குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் போய்க் கேட்டேன். "அத்தைக்கு ஏன் ஒரு தாளை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தீங்க?"

"அவதான் சொன்னா. என் பேரு இருக்குத பக்கம் போதும்லேன்னா. எடுத்துக் குடுத்தேன்."

"அடுத்த பக்கமும் முழுக்க அவங்களைப் பத்தித்தான் இருக்கு."

"நான் எங்க படிச்சேன்? நாலு எல்லை எழுதியிருக்கா, எங்கப்பா கையெழுத்து இருக்கான்னு பாத்தேன். அம்புட்டுதான்."

"அப்போ, ரூமை நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னது?"

அவர் தண்ணீரை நிறுத்தினார். "நீ இப்போ வக்கீலாப் பேசுதியா, மகளாப் பேசுதியா?"

நான் குசினியை விட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த "போக்கா"வைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். இரண்டாம் தாளைப் படித்துவிட்டுச் சொல்லியிருந்தால் அது நல்ல மனதுதான்; ஆனால் அதில் இருப்பதை ஏன் உங்களிடம் சொல்லவில்லை? படிக்காமல் சொல்லியிருந்தால், நீங்கள் போனால் அறை தனக்கு வந்துவிடும் என்று அவரும் நினைத்தாரா? அல்லது, அக்காவுக்கு ஒரு வேலை கிடைத்ததே என்ற சந்தோஷம் மட்டும்தானா? மூன்றையும் நம்ப முடிகிறது. மூன்றையும் நம்ப முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் மூன்றில் மோசமானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தைக்கப் போயிருப்பீர்கள்.

அப்பாவை விசாரிப்பது எனக்குச் சுலபமாக இருக்கிறது. அதனாலேயே என்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சொத்துச் சட்டத்தில் ஒரு கொள்கை உண்டு. ஒரு விஷயம் ஒருவருக்குத் தெரியும் என்று சட்டம் எப்போது சொல்லும்? அவருக்கு யாராவது நேரில் சொல்லியிருந்தால் மட்டும் அல்ல. விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற நிலையில், விசாரிக்க வேண்டியது தன் கடமையாக இருந்தும், வேண்டுமென்றே விசாரிக்காமல் விலகி நின்றவரையும் தெரிந்தவராகவே சட்டம் கருதும். பரீட்சையில் இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மொட்டைமாடியில் நீங்கள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டபோது எனக்கு எல்லாம் தெரியும், அத்தை. சட்டப்படி தெரியும்.

முந்தாநாள் புதுப் பத்திரத்தின் வரைவை முடித்தேன். தாத்தாவின் இரண்டாம் தாளில் இருந்ததை முதல் தாளுக்கே கொண்டுவந்துவிட்டேன், அம்மாவின் பெயருக்கு நேர் கீழே. வாக்கியத்தின் நடுவில் தாள் மாறாதபடி பார்த்துக்கொண்டேன். அம்மாவை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். பாதியில் எழப் பார்த்தார்.

"போதும்ளா, புரியுது."

"இன்னும் ஒரு தாள் இருக்கும்மா."

கடைசிக் கையெழுத்து இடம் வரை படித்தேன். அம்மா கேட்டார்: "அப்போ உங்க சித்தி வீட்டுல போய் ஒரு மாசம் தங்கிட்டு வந்தாலும் ரூம் எனக்குத்தான?"

"ஒரு வருஷம் தங்கினாலும். தாராளமாப் போங்க."

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது. அம்மா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கதவைப் பாதி திறந்து நீங்கள் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை.

"நீ எதுக்கு இதையெல்லாம் இவ்வளவு வலிஞ்சு படிச்சுக் காட்டுத?" என்றார்.

வரைவின் மூன்று தாளையும் ஜெராக்ஸ் எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எண்ணி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, வாங்கிக்கொண்டார். தையல் மெஷினை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேற்றுத் தூசி தட்டும்போது திறந்து பார்த்தேன். தாள்கள் இடப்பக்க இழுப்பறையில் இருக்கின்றன.

சித்தி வீட்டுக்கு அவர் இன்னும் போகவில்லை. பையை எடுத்து வைத்திருக்கிறார். நான் எதுவும் சொல்லாமல் இருக்கிறேன். போங்கள் என்று இன்னொரு முறை சொன்னால் போகமாட்டார் என்பதை உங்களிடமிருந்து தெரிந்துகொண்டேன்.